சுரங்கம் விழுங்கிய சதுப்பு நிலத்தைத் திருப்பித் தர முடியுமா?

"ஏக்கருக்கு ஏக்கர்" கணக்குப் பார்க்கும் புளோரிடா சட்டம்

ஒரு குளத்தை அழித்து விடுகிறோம். அதற்குப் பதிலாக அதே மாதிரி இன்னொரு குளத்தை உண்டாக்கிக் கொடுக்க முடியுமா?

"கொடுத்தே ஆக வேண்டும்" என்கிறது, அமெரிக்காவில் உள்ள புளோரிடா மாநிலத்தின் சட்டம்.

அந்த மாநிலத்தில் பூமிக்கு அடியில் பாஸ்பேட் தாது கிடைக்கிறது. அதை வெட்டி எடுக்கிறார்கள். தாது கிடக்கும் இடத்துக்கு மேலே காடு இருக்கும், புல்வெளி இருக்கும், சதுப்பு நிலமும் இருக்கும். சுரங்கம் வந்தால் எல்லாம் போய் விடும்.

அப்படிப் போகிற சதுப்பு நிலத்துக்கு ஈடாக, அதே அளவில், அதே வகையான சதுப்பு நிலத்தைக் கம்பெனி உண்டாக்கித் தர வேண்டும். 10 ஏக்கர் போனால் 10 ஏக்கர். மரம் நின்ற சதுப்பு போனால், மரம் நிற்கும் சதுப்பு. கோரை வளர்ந்த சதுப்பு போனால், கோரை வளரும் சதுப்பு.

சட்டம் வந்து 50 ஆண்டுகள் ஆகி விட்டன. கணக்கு நேராகி விட்டதா? இயற்கை பல நூறு ஆண்டுகளில் செய்ததை புல்டோசரும் நாற்றும் கொண்டு மனிதன் செய்து விட்டானா? பார்ப்போம்.

நம் வயலுக்கும் சம்பந்தம் உண்டு

புளோரிடா எங்கோ இருக்கிறது. ஆனால், அங்கே வெட்டி எடுக்கப்படும் தாது நமக்குப் புதியது அல்ல.

பெங்களூரில் வேலை பார்த்துக் கொண்டு, ஊரில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் நம்மில் பலர். நடவுக்கு முன்பு வயலில் போடும் டி.ஏ.பி. உரம் அவர்களுக்குத் தெரியும். பயிருக்கு மணிச்சத்து கொடுக்கும் உரம் அது. அந்தச் சத்து பாஸ்பேட் தாதுவில் இருந்து வருகிறது.

இந்தியாவில் பாஸ்பேட் தாது குறைவு. எனவே தாதுவாகவும் அமிலமாகவும் உரமாகவும் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறோம். முன்பு பல ஆண்டுகள், நாம் வாங்கிய டி.ஏ.பி.யில் பெரும் பங்கு அமெரிக்காவில் இருந்து வந்தது. புளோரிடாவின் டாம்பா துறைமுகம் உர ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றது. இப்போது சவுதி அரேபியா, மொராக்கோ போன்ற நாடுகளில் இருந்து அதிகமாக வாங்குகிறோம்.

மணிச்சத்து இல்லாமல் பயிர் இல்லை. அதற்கு மாற்றும் கிடையாது. ஆகவே, "சுரங்கமே வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி விட முடியாது. அதனால்தான் ஈடு கொடுக்கும் பேச்சு வந்தது.

எலும்புப் பள்ளத்தாக்கு

டாம்பா நகருக்குக் கிழக்கே பாஸ்பேட் கிடைக்கும் வட்டாரத்துக்கு "எலும்புப் பள்ளத்தாக்கு" என்று பெயர். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடத்தில் கடல் இருந்தது. தாதுவை வெட்டும்போது சுறாமீன் பற்களும், கடல்பசுவின் எலும்புகளும், யானை இனத்தைச் சேர்ந்த பழைய விலங்குகளின் எலும்புகளும் கிடைக்கின்றன. அதனால் வந்த பெயர் இது.

1880-களிலேயே இந்த மாநிலத்தில் பாஸ்பேட் கண்டுபிடிக்கப்பட்டு விட்டது. முதலில் பீஸ் ஆற்றின் அடியில் கிடந்த கூழாங்கற்களை அள்ளினார்கள். பிறகு நிலத்தை வெட்ட ஆரம்பித்தார்கள்.

மின்சாரத்தில் ஓடும் ராட்சத எந்திரங்கள் வெட்டுகின்றன. ஒரு காரை உள்ளே நிறுத்தி விடலாம்; அவ்வளவு பெரிய வாளி. மேலே உள்ள 20, 30 அடி மண்ணை அது வாரி ஒதுக்குகிறது. அதன் கீழே 10 முதல் 20 அடி கனத்துக்குத் தாதுப் படுகை இருக்கிறது.

அந்தப் படுகையில் மூன்றில் ஒரு பங்குதான் பாஸ்பேட். இன்னொரு பங்கு மணல். மற்றொரு பங்கு களிமண். மூன்றையும் தண்ணீரைப் பீய்ச்சிக் கூழாகக் கரைத்து, குழாய் வழியாக ஆலைக்கு அனுப்பி, அங்கே பிரிக்கிறார்கள்.

ஆக, சுரங்கம் போன இடத்தில் நிலத்தின் அடுக்குகள் எல்லாம் கலைந்து போகின்றன. எந்த மண்ணுக்கு மேல் எந்த மண் இருந்தது, தண்ணீர் எந்த வழியாகக் கசிந்தது என்பதெல்லாம் அழிந்து விடுகிறது. ஈடு கொடுக்கும் வேலையில் உள்ள கஷ்டம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

1975 ஜூலை 1

ஆரம்ப காலத்தில் வெட்டிய இடத்தை அப்படியே விட்டு விட்டுப் போய் விடுவார்கள். நீளம் நீளமாக மண் குவியல்கள். நடுவில் நீளம் நீளமாகத் தண்ணீர்ப் பள்ளங்கள். யாரும் கேட்கவில்லை.

1975-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதிதான் எல்லைக்கோடு. அன்று முதல் வெட்டப்படும் ஒவ்வொரு ஏக்கரையும் கம்பெனி சீர்படுத்தித் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. வெட்டி எடுக்கும் தாதுவுக்கு வரி விதித்து, அந்தப் பணத்தில் இருந்து பழைய பள்ளங்களைச் சீர்படுத்தவும் ஏற்பாடு ஆயிற்று. 1978-ல் பார்ட்டோ என்ற ஊரில் பாஸ்பேட் ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் மாநில அரசு ஏற்படுத்தியது. சதுப்பு நிலத்தை எப்படி உண்டாக்குவது என்பதும் அதன் ஆராய்ச்சிகளில் ஒன்று.

மத்திய சட்டமும் இருக்கிறது. 1972-ம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படி, சதுப்பு நிலத்தில் மண் கொட்ட வேண்டுமானால் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும்.

1988 தேர்தலில் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), "இனி சதுப்பு நிலத்தில் நிகர நஷ்டம் கூடாது" என்று வாக்குறுதி கொடுத்தார். ஜனாதிபதி ஆனதும் அதுவே அரசின் கொள்கை ஆயிற்று. முதலில், அழிப்பதைத் தவிர்க்கப் பார். முடியாவிட்டால் அழிவைக் குறை. அதற்கும் மேல் அழிந்ததற்கு ஈடு கொடு. இந்த வரிசையில்தான் போக வேண்டும் என்று 1990-ல் முடிவு செய்தார்கள்.

அப்படி என்ன இருக்கிறது சதுப்பில்?

சதுப்பு நிலம் பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இராது. சேறு, கோரை, கொசு. "வீண் நிலம்" என்றுதான் உலகம் முழுவதும் சொல்லி வந்தார்கள்.

மழை கொட்டும்போது அந்த வீண் நிலம்தான் வெள்ளத்தை வாங்கிக் கொள்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விடுகிறது. தண்ணீரோடு வரும் அழுக்கை வடிகட்டுகிறது. மீன் குஞ்சு பொரிக்கிறது. நாரை இரை தேடுகிறது.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியது இல்லை. மெஜஸ்டிக்கில் நாம் பஸ் ஏறுகிற இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. ஏரி போன பிறகும் மழைத் தண்ணீர் பழைய பள்ளத்தைத் தேடித்தான் வருகிறது.

செய்வது எப்படி?

சதுப்பை உண்டாக்கும் வேலை, சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. எங்கே எந்த வகைச் சதுப்பு, எத்தனை ஏக்கர், ஆண்டில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது, என்னென்ன செடிகள் என்று அளந்து படம் போட்டு வைக்கிறார்கள்.

வெட்டி முடித்த பிறகு, ஒதுக்கி வைத்த மண்ணையும், ஆலையில் இருந்து திரும்பி வரும் மணலையும் பள்ளத்தில் நிரப்புகிறார்கள். புல்டோசர் வைத்துச் சமன் செய்கிறார்கள். சில அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் காரியம் கெட்டு விடும். மேடாகி விட்டால் தண்ணீர் நிற்காது. பள்ளமாகி விட்டால் குளம் ஆகி விடும், சதுப்பு ஆகாது.

அடுத்தது மேல்மண். புதிதாக வெட்டப் போகும் சதுப்பில் உள்ள கருஞ்சேற்றை வழித்துக் கொண்டு வந்து, புது நிலத்தின் மேல் பரப்புகிறார்கள். அந்தச் சேற்றில் விதையும் கிழங்கும் வேரும் நிறைய இருக்கும். வீட்டில் பழைய மோரை ஊற்றிப் பாலை உறை குத்துவது போலத்தான் இதுவும்.

பிறகு நாற்று நடுகிறார்கள். நீர்ச் செடிகள், கோரை வகைகள், தண்ணீரில் நின்றே வளரும் சைப்ரஸ் மரக் கன்றுகள். நட்ட பிறகு களை எடுக்க வேண்டும். நம் ஏரிகளை மூடிக் கொள்ளும் சம்பங்கோரைதான் அங்கேயும் பெரிய தொல்லை. புதுச் சதுப்பு கிடைத்தால் முதலில் குடி வருவது அதுதான். விட்டு வைத்தால் மற்ற செடிகளைத் தலை எடுக்க விடாது.

பல ஆண்டுகள் இப்படிப் பராமரித்து, அதிகாரிகள் வந்து பார்த்து, "சரி" என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் கம்பெனியின் பொறுப்பு தீரும்.

எது வந்தது? எது வரவில்லை?

கோரையும் புல்லும் வளரும் திறந்த சதுப்பு ஓரளவு சீக்கிரம் வருகிறது. சில ஆண்டுகளில் பச்சை பிடித்து விடும். பறவைகளும் வந்து விடும்.

மரச் சதுப்பு அப்படி அல்ல. சைப்ரஸ் கன்று மரமாகி நிழல் கொடுக்க ஒரு தலைமுறை வேண்டும். நிழல் வந்தால்தான் அதன் கீழே வளரும் செடிகள் வரும்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது ஊற்றுச் சதுப்பு. பக்கத்து மணல் மேட்டில் பெய்த மழை, மண்ணுக்குள் இறங்கி, மெதுவாகக் கசிந்து வந்து அந்தச் சதுப்பை ஆண்டு முழுவதும் ஈரமாக வைத்திருக்கும். மண் அடுக்குகள் கலைந்த பிறகு அந்தக் கசிவை மறுபடி வரவழைப்பது லேசான காரியம் அல்ல. செடியை நட்டு விடலாம். கசிவை எப்படி நடுவது?

வற்ற வேண்டிய குளம்

இன்னொரு விசித்திரம் உண்டு. சில குளங்கள் வற்றினால்தான் பயன்.

மழைக்காலத்தில் நிரம்பி, கோடையில் வற்றிப் போகும் சின்னஞ்சிறு குட்டைகள் புளோரிடாவில் ஏராளம். ஆண்டுதோறும் வற்றுவதால் அவற்றில் மீன் தங்காது. மீன் இல்லாததால் தவளை முட்டை தப்பும், தலைப்பிரட்டை பிழைக்கும். இந்தக் குட்டைகளை விட்டால் முட்டையிட வேறு இடம் இல்லாத தவளை இனங்கள் இருக்கின்றன.

சுரங்கப் பள்ளத்தில் மிஞ்சுவதோ ஆழமான ஏரி. தண்ணீர் வற்றாது. மீன் நிறைய இருக்கும். லேக்லாண்டு நகருக்குப் பக்கத்தில் உள்ள டெனோரோக் என்ற இடம் அப்படிப்பட்டதுதான். பழைய சுரங்கத்தை 1982-ல் மாநில அரசு பெற்று, தூண்டில் போடுவோருக்கான ஏரிகளாக ஆக்கியது. கோரோனெட் என்ற பழைய பாஸ்பேட் கம்பெனியின் பெயரை ஆங்கில எழுத்தில் தலைகீழாக எழுதினால் அந்தப் பெயர் வரும்!

மீன் பிடிக்க நல்ல இடம். ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு. ஆனால் தவளைக்கு அது பயன்படாது. தண்ணீர் இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது தவறு என்பதற்கு இது ஓர் உதாரணம்.

களிமண் ஏரிகள்

தாதுவில் இருந்து பிரித்த களிமண் என்ன ஆகிறது? கரை கட்டிய பெரிய பெரிய தொட்டிகளில் அதைத் தேக்குகிறார்கள். வெட்டிய நிலத்தில் நூற்றுக்கு 40 ஏக்கர் போல இதற்கே போய் விடுகிறது.

தண்ணீர் வடிந்து அந்தக் களிமண் இறுகப் பல ஆண்டுகள் பிடிக்கும். மேலே தோல் கட்டி இருக்கும். உள்ளே கூழாகவே இருக்கும். வீடு கட்ட முடியாது. பெரும்பாலும் மாட்டுக்குப் புல்வெளி ஆகிறது.

இதனால் ஆற்றுக்குப் போகும் தண்ணீரின் போக்கும் மாறுகிறது. பழைய சரிவு வழியாக ஓடிய மழைத் தண்ணீர், கரைக்குள் அடைபடுகிறது.

வற்றிய ஊற்று

பார்ட்டோ ஊருக்குப் பக்கத்தில் கிசெங்கன் என்ற பெரிய ஊற்று இருந்தது. நாள் ஒன்றுக்கு 2 கோடி கேலன் அளவுக்குத் தண்ணீர் பொங்கி வந்த காலமும் உண்டு. அக்கம் பக்கத்து ஜனங்கள் குடும்பத்தோடு வந்து குளித்து, உண்டு, மகிழ்ந்த இடம் அது.

1950-ல் அந்த ஊற்று நின்று போயிற்று. சுரங்கங்களும் பண்ணைகளும் ஊர்களும் ஆழ்கிணறு போட்டு நிலத்தடி நீரை இறைத்ததுதான் காரணம். இன்று அந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் இருக்கிறது.

ஏக்கர் கணக்கில் பார்த்தால் அங்கே போனது மிகச் சிறிய இடம். "இந்தா, அதே அளவு வேறு இடம்" என்று கொடுத்து விடலாம். ஆனால் அந்த ஊற்றை யாரால் கொடுக்க முடியும்?

நூறு ஆண்டு ஆனாலும்...

ஈடாக உண்டாக்கும் சதுப்புகள் உண்மையில் ஈடாகின்றனவா என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் ஆராய்ந்தது. 2001-ல் அறிக்கை கொடுத்தது. சதுப்பு நிலம் செய்யும் வேலைகளைப் பார்த்தால், "நிகர நஷ்டம் இல்லை" என்ற லட்சியம் நிறைவேறவில்லை என்பது அதன் முடிவு.

2012-ல் இன்னோர் ஆராய்ச்சி வெளிவந்தது. உலகின் பல பாகங்களில், மீட்கப்பட்டதும் புதிதாக உண்டாக்கப்பட்டதுமான 621 சதுப்பு நிலங்களின் விவரங்களை விஞ்ஞானிகள் ஒப்பிட்டார்கள். 100 ஆண்டு ஆன பிறகும், இயற்கைச் சதுப்பை விடச் செடிகொடி, உயிரினங்களின் அமைப்பில் சராசரியாக 26 சதவீதம் குறைவு. மண்ணில் கரியைச் சேர்த்து வைப்பது போன்ற வேலைகளில் 23 சதவீதம் குறைவு.

அதே ஆராய்ச்சி ஒரு நல்ல செய்தியும் சொல்கிறது. பரப்பு பெரிதாக இருந்தால், வெப்பமான நாடாக இருந்தால், சதுப்பு சீக்கிரம் தேறுகிறது. ஆகவே முயற்சி வீண் அல்ல. ஆனால் முழு ஈடும் அல்ல.

கோர்ட்டுக்குப் போன வழக்கு

புளோரிடாவின் ஹார்டீ மாவட்டத்தில் சுரங்கத்தை நீட்டிக்கப் பொறியாளர் படை அனுமதி கொடுத்தது. 2010-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் கோர்ட்டுக்குப் போயின. "தவிர்க்க வழி இருக்கிறதா என்று சரியாகப் பார்க்கவில்லை" என்பது அவர்கள் வாதம். கோர்ட்டு தடை போட்டது.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது கலக்கமான காலம். சுரங்கம் நின்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் வீட்டுக் கடன் கட்ட முடியாது. அவர்களையும் குறை சொல்ல முடியாது.

2012-ல் சமரசம் ஏற்பட்டது. பீஸ் ஆற்றங்கரையில் உள்ள 4 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஒரு பண்ணையைப் பூங்காவாக்க, மாநிலத்துக்குக் கொடுக்கக் கம்பெனி ஒப்புக் கொண்டது. புதிதாக ஒன்றைச் செய்து தருவதை விட, ஏற்கனவே இருக்கும் நல்ல நிலத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது நிச்சயமான ஈடு என்ற எண்ணம் இதில் இருக்கிறது.

மத்திய சட்டத்தின் பிடி இப்போது தளர்ந்து விட்டது. ஆறு, ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த சதுப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று 2023 மே மாதத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தனித்து நிற்கும் குட்டைகளுக்கு இனி மாநிலச் சட்டம்தான் துணை.

கம்பெனி போன பிறகு யார் பொறுப்பு?

சதுப்பு தேற நூறு ஆண்டு வேண்டும். கம்பெனி நூறு ஆண்டு இருக்குமா?

டாம்பா விரிகுடாவின் கரையில் பைனி பாயிண்ட் என்ற உர ஆலை இருந்தது. அதன் உடைமைக் கம்பெனி 2001-ல் திவாலாயிற்று. ஆலையின் கழிவு ஜிப்சக் குன்றும், அதன் மேல் தேங்கிய கழிவு நீரும் மாநில அரசின் தலையில் விழுந்தன. பிறகு வேறொரு கம்பெனி கைக்குப் போயிற்று. 2021-ல் அந்தத் தேக்கத்தில் கசிவு ஏற்பட்டது. 300-க்கும் மேற்பட்ட வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். கரை உடையாமல் இருக்க, சுமார் 21½ கோடி கேலன் கழிவு நீரை விரிகுடாவில் திறந்து விட்டார்கள்.

இது சதுப்பு நிலக் கதை அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். வாக்குக் கொடுத்தவர் போய் விடலாம்; வாக்கு மட்டும் ஊரில் மிஞ்சும். ஆகவே வேலை முடியும் வரை செல்லக்கூடிய ஜாமீன் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

நம் நாட்டில்

இந்தியாவில் காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்தால் ஈடாக மரம் வளர்க்க வேண்டும். அந்தப் பணத்தை நிர்வகிக்க 2016-ல் தனிச் சட்டமே வந்தது. சதுப்பு நிலங்களைக் காக்க 2017-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. சுரங்கத்தை மூடும்போது நிலத்தைச் சீர்படுத்தும் திட்டமும் கட்டாயம்.

நிலக்கரி வெட்டிய பள்ளங்களில் சில ஏரிகளாகி இருக்கின்றன. சத்தீஸ்கார் மாநிலத்தில் பிஷ்ராம்பூர் சுரங்கத்தின் பழைய பள்ளம், இப்போது கேனாபாரா என்ற சுற்றுலா இடம். படகு ஓடுகிறது, மீன் வளர்க்கிறார்கள். பாழ்நிலமாகக் கிடப்பதை விட இது எவ்வளவோ மேல்.

ஆனால், ஆழமான பள்ளத்தில் நின்ற தண்ணீரைப் பார்த்து, "போன ஓடைக்கும் தாங்கலுக்கும் இதோ ஈடு" என்று யாராவது சொன்னால், புளோரிடாவின் 50 ஆண்டு அனுபவத்தைக் காட்டிச் சில கேள்விகள் கேட்கலாம்.

கரை சரிவாக இருக்கிறதா, செங்குத்தாக இருக்கிறதா? எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும்? எங்கிருந்து வரும், எங்கே போகும்? போனது எந்த வகை, வந்தது எந்த வகை? பத்து ஆண்டுக்குப் பிறகு யார் வந்து பார்ப்பார்கள்? பணம் யாரிடம் இருக்கிறது?

புளோரிடா சட்டத்தின் பெரிய நன்மை, ஏக்கர் ஏக்கராகக் கணக்கு எழுத வைத்தது. கணக்கு எழுதியதால்தான் எது குறைகிறது என்பது தெரிந்தது. திறந்த கோரைச் சதுப்பை உண்டாக்கலாம். பொறுமை இருந்தால் மரச் சதுப்பையும் ஓரளவு உண்டாக்கலாம். ஊற்றில் வாழும் சதுப்பை வெட்டாமல் விடுவது ஒன்றே வழி.

எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதை எந்திரம் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வெட்டிய பிறகு கணக்குத்தான் எழுத முடியும்.